பத்லி ரத்தம்

அந்தக் கைகளைப் பார்த்து நான் கைதட்டினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், பாவம் நல்ல மனுஷன், தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு சின்னக் கல்யாண மண்டபம். மாதம் ஒருமுறை அங்கே எங்கள் ஆராய்ச்சி முகாம் நடக்கும். டேனரிகளில், தோல் பதனிடும் ஆலைகளில், வேலை செய்கிறவர்களுக்குக் கையில் தீராத சொறி வரும். தோல் வெடித்து நீர் வடியும். அதற்கு ஒரு புது மாத்திரை. அது கேட்கிறதா, கெடுக்கிறதா என்று பார்க்க, அதைச் சாப்பிட ஒத்துக்கொள்ளும் ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. மாத்திரை ஈரலில் கைவைக்கலாம் என்பதால் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கைகளையும் படம் எடுப்பார்கள். ரத்தம் கெட்டிருந்தால் மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும். சாப்பிடுகிறவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த ரத்தப் பரிசோதனைதான்.

இரண்டாவது மாதம், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிய ஒரு பெண் மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள். போன மாதப் படத்தில் அந்தப் பெயருக்கு எதிரே இருந்த கைகள் கோடையில் பிளந்த ஏரி மண் மாதிரி இருந்தன. இப்போது வழவழவென்று, வளையலும் மருதாணியுமாக. நர்ஸ் வாயைப் பிளந்தார். அவர் அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்தார், மாதத்துக்கு ஒரு நர்ஸ். நான் எழுந்து நின்று கைதட்டினேன். ரத்தம் கொடுத்துவிட்டுப் பிரியாணிப் பொட்டலத்துக்காகக் காத்திருந்த மொத்தக் கூட்டமும் கூடச் சேர்ந்து தட்டியது.

"மருதாணி வக்கிற அளவுக்கு ஆயிடுச்சு பாருங்க! அடுத்த மாசம் வைர மோதிரம்தான்!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன மாதம் வந்தவள் என் தோளுயரம் இருந்ததாக ஞாபகம். இவள் என் காது வரை இருந்தாள். செருப்பு உயரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து செருப்பைப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு நான் வந்த கதையும் ஒரு காமெடிதான். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு டேனரியில் ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்தேன். அது மூடியபோது என் வாயைத் தவிர என்னிடம் வேறு சொத்தில்லை. சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் கம்பெனி உள்ளூர் ஆள் தேடிக்கொண்டிருந்தது. நேர்முகத்தில் அந்த மேலாளர், "நம்ம டார்கெட், எளிதில் சென்றடைய முடியாத மக்கள் சார்" என்றார். "பஸ் ஸ்டாண்டுல இருந்து ஷேர் ஆட்டோ போவுதே சார்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நிமிஷமே எனக்கு வேலை.

அவர்களுடைய சொற்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. 'சமூகத்தின் நம்பிக்கையைப் பெறுதல்' என்று ஒன்று. அதற்குப் பொருள், நான் தெருமுனையில் நின்று ஜோக் அடிப்பது. 'விளக்கமளித்துச் சம்மதம் பெறுதல்' என்று இன்னொன்று. பதினாலு பக்கப் படிவம். அதை ஒருவர்கூடத் தூங்காமல் படித்துக்காட்ட என்னால் முடியும். "ஈரல் பாதிக்கலாம்னு போட்டிருக்கு. யாரும் பயப்படாதீங்க, நம்ம ஈரலப் பாதிக்க டாஸ்மாக்கால முடியல, இது இன்னா பண்ணப்போவுது?" என்பேன். சிரிப்பு அலைபோல எழும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மைப்பெட்டியை நீட்டுவேன்.

கட்டைவிரல்கள் தாமாக வந்துவிடும். டேனரியில் பழகிய விரல்கள். எந்தக் காகிதம் என்று கேட்கிற பழக்கம் அங்கே கிடையாது. மேஸ்திரி நீட்டினால் வைக்க வேண்டியதுதான். அப்படி நீட்டுகிற கையாக நானே இருந்திருக்கிறேன். கம்பெனிக்கு என்னிடம் பிடித்ததும் அதுதான் என்று இப்போது புரிகிறது.

மருதாணிக் கைகளின் படம் சென்னைக்குப் போனது. அங்கிருந்து ஏதோ பெரிய கூட்டத்துக்குப் போனது. படத்தில் முகம் வரக்கூடாது, அது அந்தரங்கம் என்பது விதி. எனவே கைகள் மட்டும். இடப்பக்கம் பழைய கை, வலப்பக்கம் புதுக் கை. மேலாளர் போன் செய்து, "சார், அந்தக் கை இங்க எல்லாரையும் அழவச்சிடுச்சு" என்றார். மூன்றாவது மாதமும் அவள் வந்தாள். கை அதே வழவழப்பு. ரத்தம் ரொம்ப சுத்தம். மூன்றாவது மாத மாத்திரையையும் வாங்கிக்கொண்டு போனாள்.

நாலாவது மாதம், அடுத்த முகாமுக்கு ஆள் சேர்க்க ஒரு டேனரிக்குப் போனேன். காலை டீ நேரம். பச்சைத்தோல் கிடங்கு வாசலில் உப்பு மூட்டைமேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டீ கிளாஸை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். என் தோளுயரம்.

"அண்ணா, மாத்திர தீந்துபோச்சு. தங்கச்சிய அனுப்பட்டா, இல்ல நீயே குடுத்துட்டுப் போறியா?"

"எந்த மாத்திர மா?"

"இன்னா அண்ணா இப்படிக் கேக்குற? கை மாத்திரதான். நீதான பேரு எழுதினே."

கையை நீட்டினாள். முதல் மாதப் படத்தில் இருந்த அதே கை. இப்போது இன்னும் மோசம்.

"தங்கச்சி எதுக்குமா வர்றா?"

"எனக்கு ஏது லீவு? பத்லி வச்சாத்தான் வெளிய உடுவான். எனக்கு இருக்குற பத்லி அவ ஒருத்திதான். அவளுக்குத்தான் ஷூ கம்பெனியில நைட் ஷிப்டு, பகல்ல சும்மா இருக்கா. அவ இந்த நாத்தத்துல வந்து நிக்கிறதுக்கு, அங்க வந்து ஒரு ஊசி ரத்தம் குடுத்துட்டுப் போவட்டுமே. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான? ரத்தம் ஒண்ணுதான?"

பத்லி என்பது எங்கள் பக்கம் எல்லா டேனரியிலும் உள்ள ஏற்பாடு. வர முடியாத நாளில் தங்கையையோ மச்சினனையோ தன் இடத்துக்கு அனுப்பிவிடலாம். புத்தகத்தில் பெயர் பழைய பெயர்தான், வேலை செய்கிற கை மட்டும் வேறு. பத்லி வைக்காமல் நின்றால் மறுநாள் அந்த இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து இருபது வருஷம் பத்லிகளை உள்ளே விட்டவன் நான். பெயரைக் கூப்பிடுவேன், ஒரு குரல் வரும், டிக் அடிப்பேன், முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டேன். பார்த்தால் எழுத வேண்டி வரும். மண்டபத்திலும் அதையேதான் செய்திருக்கிறேன். செருப்பாவது, உயரமாவது!

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

"சாப்பாடெல்லாம் எறங்குதாமா?"

"எங்க அண்ணா! சோத்தப் பாத்தாலே கொமட்டுது. மூத்திரம் டிகாஷன் மாதிரி போவுது. சூடுன்னு மோர் குடிச்சினு இருக்கேன்."

"மாத்திரைய நிறுத்த வேண்டியதுதான?"

"நீதான சொன்னே, ஒரு வேளகூட உடக்கூடாது, உட்டா மாத்திர கோச்சிக்கும்னு. நாங்கெல்லாம் அப்படிச் சிரிச்சோமே."

பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடும். எனக்கு வாய் ஓடும். "கண்ணுக்கெல்லாம் மஞ்சள் பூசினு இருக்கியே, யாருக்குமா கல்யாணம்?" என்று என் வாய் கேட்டது. அவள் சிரித்தாள். அந்த மஞ்சள் கண்ணோடு, எனக்காக, மரியாதைக்கு ஒரு சிரிப்பு. உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். டேனரி நாற்றம் என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நாற்றம் எனக்குப் பழக்கம்.

பிறகு நான் செய்தவை எதுவும் வீரமாக இல்லை. போன் கையில் இருக்கும்போதே பையில் போனைத் தேடினேன். ஆம்புலன்ஸுக்கு அடிப்பதாக நினைத்து வீட்டுக்கு அடித்து, "மேடம், ஈரல் கேஸு, சீக்கிரம் வண்டி அனுப்புங்க" என்றேன். "ஈரல் வேணாம், கறியா வாங்கினு வா" என்று என் மனைவி வைத்துவிட்டாள். போலீஸ், ஜெயில், பேப்பரில் என் போட்டோ, அதுவும் தொப்பை தெரிகிற போட்டோ, எல்லாம் கண்முன் ஓடியது. ஜோலார்பேட்டைக்குப் போய் எந்த ரயில் வந்தாலும் ஏறிவிடலாம் என்றுகூட ஒரு திட்டம். மேல் பெர்த் கிடைத்தால் ஏற முடியாதே என்ற கவலையும் அதோடு சேர்ந்து வந்தது. இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள். அந்த ஒரு நிமிஷத்தில் அவளைப்பற்றி நான் நினைக்கவே இல்லை. எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது அங்கேதான், அது இன்னும் போகவில்லை.

கிடங்கு சூப்பர்வைசர் எனக்குப் பழைய தோஸ்த். அவனிடம் ஓடினேன்.

"ஆஸ்பத்திரிக்குத்தான, தாராளமா கூட்டினு போ. யாரு வேணான்னா? பத்லி வச்சுட்டுப் போவச் சொல்லு. லாரி நிக்குது, தோலு உப்புத் தட்டணும்" என்றான்.

"டேய், அந்தம்மா கண்ணப் பாருடா."

"பாத்தேன் பா. அதுக்கு நான் இன்னா பண்றது? எனக்கு மேல ஒருத்தன் கீறான். அவன் கண்ண நீ பாத்ததில்ல."

தங்கைக்குப் போன் போட்டு வரச்சொன்னோம். வந்தாள், என் காதுயரம். மஞ்சள் கண்ணைப் பார்த்துவிட்டு அக்கா தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அப்படியானால் பத்லி யார்?

"நான்" என்றேன்.

சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீயா? குனிஞ்சா நிமிருவியா?"

"பேர எழுதுடா. அவ பேரையே எழுது."

பெண் கூலிக்கு ஆம்பள பத்லி என்று கிடங்கே சிரித்தது. தங்கையின் கையில் என் பையில் இருந்த ஒரு மாத்திரைப் பட்டையையும், படிவத்தின் முதல் பக்கத்தையும் கொடுத்து, "டாக்டர்கிட்ட இத மொதல்ல காட்டு. இதத்தான் அக்கா தின்னான்னு சொல்லு. ரத்தம் நீ குடுத்ததயும் மறைக்காதே" என்றேன். ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

எந்த டேனரியிலும் டைம் ஆபீஸுக்கும் பச்சைத்தோல் கிடங்குக்கும் பத்தடிதான் இருக்கும். இருபது வருஷம் அந்தப் பத்தடிக்கு இந்தப் பக்கம் ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் நின்றேன். மடித்த தோலைப் பிரித்து, பலகைமேல் அடித்து உப்பை உதறி, அடுத்ததை எடுக்க வேண்டும். பிரிக்கும்போது உள்ளே ரத்தத் தண்ணீர் கொழகொழவென்று தேங்கி நிற்கும். சிலதில் வால் இருக்கும். ஒன்றில் காது இருந்தது, புழுவோடு. கையுறை என்று ஒன்று கொடுத்தார்கள். ஒன்றேதான், அதிலும் இரண்டு விரல் கிழிசல். கழுத்தில் ஆராய்ச்சிக் கம்பெனியின் அடையாள அட்டை ஆடி ஆடி ரத்தத் தண்ணீரில் தோய்ந்தது. கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் நின்ற பெண், "அண்ணா, ஒரு ஜோக்கு சொல்லு, நேரம் போவும்" என்றாள். நான் அடுத்த தோலைப் பிரித்தேன்.

மாலையில் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈரல் வீங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்திப் படுக்கவைத்திருந்தார்கள். டூட்டி டாக்டர் என் சட்டையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள் இதையே சாப்பிட்டிருந்தா, இங்க கூட்டிட்டு வந்து பிரயோஜனமே இல்ல. இப்பவும் உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. தினம் ரத்தம் பாக்கணும்" என்றார்.

அன்றிரவே கம்பெனிக்குச் சொன்னேன், சட்டையைக்கூட மாற்றாமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே படுத்தேன். மறுநாள் மேலாளர் காரில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். கண்ணாடியை இறக்காமல், என்னை உள்ளே ஏறச் சொன்னார். முதலில் ஏசியைக் கூட்டினார். நான் இன்னும் நாறிக்கொண்டிருந்தேன் போல.

"பதறாதீங்க சார். தப்பு அவங்க சைடுல. ஆள் மாத்தி அனுப்பியிருக்காங்க. இதுல ஒரு கையெழுத்து வாங்கிட்டா எல்லாருக்கும் நல்லது" என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்பே தன் சொந்த விருப்பத்தில் ஆராய்ச்சியிலிருந்து விலகிவிட்டதாக அவள் சொல்வதுபோல் எழுதியிருந்தது. தேதியும் இரண்டு மாதத்துக்கு முந்தியது.

"அப்ப வைத்தியம் யாரு பாக்கறது சார்? ஆராய்ச்சியில இருந்தாத்தான நாம பாக்கணும்?"

"அரசு ஆஸ்பத்திரியிலதான் நல்லா பாக்கறாங்களே."

"மத்தவங்க அதே மாத்திரைய சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்கள்லயும் எத்தன பேரு பத்லி அனுப்புனாங்களோ?"

"அத மெதுவா செக் பண்ணலாம். அந்தக் கை படம் ரொம்ப தூரம் போயாச்சு சார், இப்பப் போயி…" நிறுத்திவிட்டு, என் தோளைத் தொட வந்தவர் சட்டையைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீங்க பேசினா வச்சிடுவாங்க. உங்களுக்குத்தான் அந்தத் திறமை இருக்கு."

என்னைப்பற்றி யாரும் அதைவிட உண்மையாகவும் அதைவிடக் கேவலமாகவும் சொன்னதில்லை. காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கிழித்துப்போட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கை பக்கத்தில். என் கையில் காகிதத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான், கட்டைவிரலை நீட்டினாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"எங்க அண்ணா வக்கணும்?"

விரல் நுனி முழுவதும் வெடிப்பு. அந்த மை அதில் எப்படி எரியும் என்று அதற்கு முன் ஒருமுறையும் நான் யோசித்ததில்லை. அவள் கண்ணை இறுக்கி மூடி, எரிச்சலுக்குத் தயாராக விரலை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

மைப்பெட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டேன். "மொதல்ல படிக்கிறேன் மா. கேளு" என்றேன்.

படித்தேன். ஒவ்வொரு வரியையும் படித்து, அது என்ன சொல்கிறது, அதில் எது பொய், வைத்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். காதுகேட்காதவன் பேசுவதுபோல் என் குரல் எனக்கே தட்டையாக இருந்தது. பாதியில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"இன்னா அண்ணா, சிரிப்பே வரல?"

"இதுல சிரிக்க ஒண்ணும் இல்லமா. அன்னிக்குப் படிச்சதுலயும் இல்ல."

தங்கை அழ ஆரம்பித்தாள். "நான் குடுத்த ரத்தத்தால தான அக்காவுக்கு…"

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ என் காதுவரைக்கும் இருந்ததை நான் பாத்தேன்" என்றேன்.

அக்கா நீட்டியிருந்த விரலை மெதுவாக உள்ளே மடக்கினாள். மடக்குவதும் அவளுக்கு வலிதான்.

"அப்ப நான் வக்கமாட்டேன். நடந்தத நடந்த மாதிரி எழுதினு வா. மொதல்ல நீ கையெழுத்துப் போடு. அப்புறம் நான் வக்கிறேன்."

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். நான் அடித்த ஜோக்குகள், கைதட்டல், பார்க்காத செருப்பு, காரில் கொடுத்த காகிதம், எல்லாம். திரும்பப் போய் அவளுக்குப் படித்துக்காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தினாள். "'அவர் ஆராய்ச்சியில் சேர விரும்பினார்'னு போட்டிருக்கியே. நான் எங்க விரும்பினேன்? எல்லாரும் வச்சாங்க, நானும் வச்சேன். அதையே எழுது." அடித்துவிட்டு அதையே எழுதினேன். நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவள் தானாக மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு விரலை வைத்தாள்.

எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினாலு பக்கப் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். புகார் சொல்ல வேண்டிய நெறிமுறைக் குழுவின் விலாசம் கடைசிப் பக்கத்தில் தெளிவாக அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் படித்துக்காட்டியதே இல்லை. அதில் ஜோக் அடிக்க ஒன்றும் இல்லை.

எழுதியதை அந்த விலாசத்துக்கே அனுப்பினேன். முகாம் நின்றது. மாத்திரை சாப்பிட்ட எல்லோருக்கும், இந்தமுறை முகத்தைப் பார்த்து, புதிதாக ரத்தம் எடுத்தார்கள். வேறு சில பத்லிகளும் வெளியே வந்தார்கள். கம்பெனி, அவள் ஆராய்ச்சியில்தான் இருந்தாள் என்று ஒத்துக்கொண்டு வைத்தியத்தை ஏற்றுக்கொண்டது. என்னை அவர்கள் நீக்கவில்லை. போன் செய்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவளுக்குக் கண் வெளுக்க இரண்டு மாதம் ஆனது. கை அப்படியேதான் இருக்கிறது. அதே கிடங்கு, அதே உப்பு. போன வாரம் பஜாரில் பார்த்தேன். கையுறை இல்லாமல் வேலை செய்த என் கையில், மணிக்கட்டைச் சுற்றி ஒரு தடிப்பு, அன்றிலிருந்து போகாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது. பேசும்போது சொறிந்திருக்கிறேன் போல. அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு நாள் பத்லிக்கே இப்படியா அண்ணா!" என்றாள். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னாள். "தேங்கா எண்ண தடவு. மாத்திர கீத்திரன்னு எவனாவது சிரிக்க சிரிக்கப் பேசினு வந்தா, வெரல நீட்டாத."